புல்தரை கேட்போருக்கும் புல்வெட்டி வாங்கப் போவோருக்கும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வேலையற்ற இளைஞர்கள் சுயதொழில் தொடங்க வேண்டும் என்று எழுதப்படும் கட்டுரைகளில், கோழி வளர்ப்பு, காளான் வளர்ப்பு ஆகியவற்றோடு இப்போது வீட்டுத் தோட்ட அலங்காரமும் புல்தரை அமைத்தலும் சேர்க்கப்பட்டு வருவதைத் தங்கள் பத்திரிகையிலும் பிற இடங்களிலும் கண்டு வருகிறேன். வலிகாமத்தில் வளவு துப்புரவு, மர நடுகை, தோட்டப் பராமரிப்பு ஆகியவற்றையே பிழைப்பாகக் கொண்டு சில பேருடன் சேர்ந்து நடத்தி வருபவன் என்ற வகையில், இந்தத் தொழிலுக்கு யாழ்ப்பாணத்தில் இடம் இருக்கிறது என்பதை முதலில் ஒத்துக்கொள்கிறேன். ஆனால், புல்தரையை நடுவில் வைத்து இதைத் தொடங்கும் தம்பிமார் இரண்டு கோடைக்குள் கையைச் சுட்டுக்கொள்வார்கள் என்பதையும், இங்கே நிலைத்து நிற்கக்கூடியது வளவு பராமரிப்பே என்பதையும், வேலை கொடுப்பவர்களும் இதை விளங்கிக்கொண்டால்தான் இரு தரப்புக்கும் நட்டம் வராது என்பதையும் சொல்வதற்காகவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

தேவை எங்கிருந்து வருகிறது என்பதை யாழ்ப்பாணத்தின் எந்த ஒழுங்கைக்குள் நுழைந்தாலும் கண்ணால் காணலாம். முற்றம் கூட்டுவது, வேலி அடைப்பது, காவோலை பொறுக்குவது, கிணற்றடி வாழைக்கு வாய்க்கால் வெட்டிவிடுவது என்று வீட்டாரே செய்து வந்த வேலைகளைச் செய்யப் பல வீடுகளில் இப்போது ஆள் இல்லை. பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும் சுவிஸிலும் இருக்க, பெற்றோர் முதுமையோடு தனித்திருக்கும் வீடுகள் ஒரு பக்கம். பெற்றோரும் போய்விட, பூட்டிய கதவோடு நிற்கும் வீடுகள் இன்னொரு பக்கம். ஒரு மாரி கவனிக்காமல் விட்ட வளவில் இடுப்பளவுக்குப் பார்த்தீனியமும் கோரையும் நாயுருவியும் எழுந்து நிற்கும். கூரை நீர் வடியும் பீலியில் சருகு அடைத்து, தண்ணீர் வழிந்தோட வழியின்றித் தேங்கும். சிரட்டை, தயிர்முட்டி, பழைய ரயர், உடைந்த பூச்சாடி என்று நுளம்பு முட்டையிட வசதியான பாத்திரங்கள் கோடிப்புறத்தில் கிடக்கும். முட்டையிலிருந்து பறக்கும் நுளம்பாவதற்கு ஒரு கிழமை முதல் பத்து நாள் போதும் என்பதால், மாரி காலத்தில் மாதம் ஒரு தடவை வளவு துப்புரவு செய்வது டெங்குவுக்கு எதிரான வேலையாகாது. 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்பு பெருகுவதைத் தடுக்கும் சட்டத்தின்படி காணியைத் துப்புரவாக வைத்திருக்க வேண்டிய பொறுப்பு உரிமையாளருக்கும் உண்டு. அவர் கனடாவின் ஸ்காபரோவில் இருக்கிறார் என்பதனால் அது இல்லாமற் போவதில்லை. ஆகவே, மாரியில் கிழமைக்கொரு முறை வந்து, பீலியைத் துப்புரவு செய்து, நீர் தேங்கும் பாத்திரங்களை அகற்றி, அதைப் படம் எடுத்து உரிமையாளருக்கு அனுப்பிவைக்கும் ஒருவருக்கு இங்கே வேலை குறையாது. இதில் அழகு எதுவும் இல்லை. ஆனால் தொழிலின் அத்திவாரம் இதுதான்.

இனிப் புல்தரைக்கு வருகிறேன். வீட்டு முன்புறத்தில் பச்சைப்புல் விரிந்திருக்க வேண்டும் என்ற ஆசை பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருகிறது. அதில் குற்றம் சொல்ல எதுவும் இல்லை. ரொறன்ரோ நகரில் வீட்டுப் புல் 20 சென்ரிமீற்றருக்கு மேல் வளரக்கூடாது என்று நகர சபை விதியே உண்டு. அங்கே வாழ்ந்து பழகியவருக்குப் புல்தரை என்பது ஒழுங்கான குடும்பத்தின் அடையாளமாகத் தோன்றுவது இயல்பு. ஆனால் அந்த நாடுகளில் மழை ஆண்டு முழுவதற்கும் பகிர்ந்து பெய்கிறது. எங்களுக்கோ ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. வற்றாத ஆறு ஒன்றும் குடாநாட்டில் இல்லை. சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் இறங்கித் தங்கும் மாரி நீரே எங்கள் கிணறுகளில் இருக்கிறது. அந்த நன்னீருக்குக் கீழே உவர்நீர் இருப்பதனால், அளவுக்கு மீறி இறைத்தால் கிணறு வற்றுவதற்கு முன்பே உவர்க்கத் தொடங்கும். தீவகத்தில் இருப்பவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு மில்லிமீற்றர் உயரத்துக்கு நீர் நிற்க ஒரு லீற்றர் வேண்டும். கோடை வெயிலிலும் சோழகக் காற்றிலும் புல்தரை ஒன்று பச்சையாக நிற்க நாளொன்றுக்கு 4 மில்லிமீற்றர் அளவு நீர் தேவை என்று வைத்துக்கொண்டால், ஏக்கரில் பதினாறில் ஒன்றான ஒரு பரப்புக்கு, அதாவது ஏறத்தாழ 253 சதுர மீற்றருக்கு, நாள்தோறும் ஆயிரம் லீற்றர் வேண்டும். மாடியில் வைத்திருக்கும் ஆயிரம் லீற்றர் தாங்கி ஒவ்வொரு நாளும் புல்லுக்கு மட்டும் காலியாகும். மாதத்துக்கு முப்பதாயிரம் லீற்றர். மாசியிலிருந்து புரட்டாசி வரை, இடையில் சித்திரையில் பெய்யும் சிறு மழையைக் கழித்துவிட்டு, இதைப் பெருக்கிப் பார்க்குமாறு வாசகர்களிடமே விட்டுவிடுகிறேன். குடிநீருக்காகத் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையத்தை 2024இல் திறக்க வேண்டிய நிலைக்கு வந்த ஒரு மாவட்டத்தில், நிலத்தடி நீரை இறைத்து அழகுக்குப் புல் வளர்ப்பதை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை. குழாய் நீரைப் புல்லுக்கு விடுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இதில் தொழில் செய்பவனுக்கு இன்னொரு சங்கடமும் இருக்கிறது. வெளிநாட்டு உறவுகள் ஊருக்கு வருவது பெரும்பாலும் ஆடி, ஆவணியில். நல்லூர்க் கந்தனின் 25 நாள் திருவிழாவும் பிள்ளைகளின் பாடசாலை விடுமுறையும் ஒன்றாக அமைவது அப்போதுதான். நிலம் ஆண்டிலேயே மிகவும் காய்ந்து கிடப்பதும் அப்போதுதான். "நாங்கள் வரும்போது முன்பக்கம் பச்சையாக இருக்க வேண்டும்" என்று வைகாசியில் தொலைபேசியில் சொல்லப்படும் வேலையை ஒப்புக்கொள்பவன், தான் கொடுக்க முடியாத ஒன்றுக்கு முற்பணம் வாங்குகிறான். மாரியில் வந்து பார்த்தால், ஒரு சதமும் செலவழிக்காமலே யாழ்ப்பாணம் முழுவதும் பச்சையாக இருக்கும். அப்போது வருவதற்குத்தான் ஆள் இல்லை.

சென்ற ஆண்டுகளில் நான் பார்வையிட அழைக்கப்பட்ட புல்தரைகளில் ஒன்றை மட்டும் குறிப்பிடுகிறேன். புதிதாகக் கட்டிய வீடு. வேறொரு குழுவினர் ஆனி மாதத்தில் மலேசியன் புல் பதித்திருந்தார்கள். ஓரத்தைப் பிடித்துத் தூக்கினேன். பாயைச் சுருட்டுவது போல முழுத் துண்டும் கையோடு வந்தது. கீழே இரண்டு விரற்கடை செம்மண், அதற்குக் கீழே வீடு கட்டியபோது கழித்த கல்லும் சீமெந்துக் கட்டிகளும் சல்லியும். வேர் ஒரு அங்குலம்கூட இறங்கவில்லை. மாலை நேரங்களில் இறப்பர்க் குழாயால் பத்து நிமிடம் விசிறிய நீர் மேற்பரப்பை நனைத்து, அடுத்த நாள் காலை பத்து மணிக்குள் ஆவியாகியிருந்தது. புல்லைப் பதித்தவர்கள் ஏமாற்றுக்காரர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. கொழும்பிலிருந்து புல் கொண்டுவந்து இறக்குவது வரை அவர்கள் செய்தது சரி. நிலத்தைக் கிளறிப் பார்க்கவில்லை என்பதுதான் குறை. வீட்டுக்காரர் அதற்குக் கொடுத்த பணத்தில் வளவு முழுவதையும் இரண்டு ஆண்டுகள் பராமரித்திருக்கலாம்.

அப்படியானால் முன்புறத்தில் என்ன செய்வது என்ற கேள்வி நியாயமானது. எங்கள் முன்னோர் முற்றத்தில் புல் வளர்க்கவில்லை. புல் வராமல் கூட்டி வைத்தார்கள். மணல் முற்றம், ஓர் ஓரத்தில் வேம்பு, கிணற்றடியில் வாழையும் கமுகும், வேலியோரத்தில் செவ்வரத்தை, நந்தியாவட்டை, மல்லிகை என்ற அந்த அமைப்பு, நீரைக் கொண்டு போகும் இடத்தில் பயன்மரமும் நீர் போகாத இடத்தில் வெறும் மணலும் என்று கணக்குப் பார்த்து அமைந்தது. குளித்த நீர் வாழைக்குப் போனது. இன்றைக்கும் யாழ்ப்பாணத்தில் ஒரு வளவை அழகுபடுத்தக் கேட்பவருக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது நிழலைத்தான். ஒரு நல்ல மரத்தின் நிழல் விழும் இடத்தில் நிலம் மெதுவாகக் காய்கிறது, வீடும் குளிர்கிறது, கதிரை போட்டு இருக்க இடமும் கிடைக்கிறது. (மணல் தேவைப்படுபவர்கள் அனுமதிப்பத்திரம் உள்ளவரிடம் மட்டும் வாங்க வேண்டும், வடமராட்சி கிழக்கின் மணற்குன்றுகளைத் தோண்டி எங்கள் முற்றத்தை அலங்கரிப்பது அழகல்ல.)

புல் வேண்டும் என்று ஒருவர் விடாப்பிடியாக நின்றால், நடமாடும் இடத்தில் சிறிய ஒரு திட்டுக்கு மட்டும் எங்கள் அறுகையே நடலாம். கோடையில் அது பழுப்பாகும், ஆனால் சாகாது. முதல் மழை விழுந்ததும் கணுவிலிருந்து தளிர்க்கும். நிலத்தை ஒரு சாண் ஆழத்துக்குக் கொத்தி, கல்லைப் பொறுக்கி, மக்கிய எரு கலந்து, ஐப்பசியில் மழை பிடித்தவுடன் ஓடுகொடித் துண்டுகளை நான்கு விரல் இடைவெளியில் ஊன்றினால், தை பிறப்பதற்குள் நிலத்தை மூடிவிடும். வெட்டும்போது ஒரே தடவையில் உயரத்தின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக்கூடாது. கோடை நெருங்க நெருங்க வெட்டும் உயரத்தைக் கூட்ட வேண்டும், ஏனெனில் உயர்ந்த புல் தன் வேருக்குத் தானே நிழல் கொடுக்கும். "கோடையில் பழுப்பாகும்" என்பதை வேலை தொடங்குமுன் எழுத்தில் கொடுத்துவிடுவது நல்லது. இந்த ஒரு வரி என்னைப் பல சண்டைகளிலிருந்து காப்பாற்றியிருக்கிறது.

மர நடுகையிலும் இடம் அறிந்து செய்ய வேண்டும். உரும்பிராய், கோண்டாவில், சுன்னாகப் பக்கத்துச் செம்மண்ணில் குழி வெட்டுவது இலகு. கீரிமலைப் பக்கம் போனால் ஒரு அடிக்குள்ளேயே அலவாங்கு கல்லில் முட்டும். அங்கே கல்லை உடைத்து, குழியைப் பெரிதாக்கி, வேறு மண் கொண்டுவந்து நிரப்பாமல் கறுத்தக்கொழும்பான் மா ஒட்டுக்கன்றை வைத்தால், முதல் இரண்டு ஆண்டு நன்றாக நின்று, வேர் கல்லில் தட்டியதும் நின்ற நிலையில் குறுகிப்போகும். ஆகவே மரத்தின் விலையைச் சொல்லாமல் குழியின் விலையைச் சொல்லப் பழக வேண்டும். மாதுளை, தேசி, கொய்யா, முருங்கை, கறிவேப்பிலை ஆகியவை சமையலறைக்கும் பயன்படுவதால் வீட்டிலிருக்கும் அம்மாமார் அவற்றுக்குத் தாமாகவே நீர் ஊற்றுவார்கள். அழகுக்கு மட்டும் வைத்த குரோட்டனுக்கு அந்தப் பாக்கியம் கிடைப்பதில்லை. பூவுக்கென்றால் கடதாசிப்பூவும் நித்தியகல்யாணியும் வெயிலைத் தாங்கும். குழை தாழ்க்கும் எங்கள் பழைய தோட்ட வழக்கத்தை வளவுக்கும் கொண்டுவரலாம்: பூவரசங்குழையையும் வேப்பங்குழையையும் மரத்தைச் சுற்றிப் புதைத்து, மேலே சருகால் மூடினால், ஊற்றும் நீர் கூடுதல் நாள் தங்குவதைக் கண்கூடாகக் காணலாம்.

புல்தரையை வேண்டாம் என்று சொல்பவர்கள் உடனே தாவும் மறுபக்கத்தைப் பற்றியும் ஒரு சொல். வளவு முழுவதும் இன்ரர்லொக் கல் பதித்துவிட்டால் புல்லும் வராது, கூட்டவும் இலகு என்று எண்ணுகிறார்கள். ஒரு நாளில் 50 மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு பரப்பில் விழும் நீர் பன்னிரண்டாயிரம் லீற்றருக்கு மேல். அதில் ஒரு பங்கு நிலத்துக்குள் இறங்கி உங்கள் கிணற்றுக்கு வர வேண்டிய நீர். கல் பதித்த வளவிலிருந்து அது படலையால் வெளியேறி ஒழுங்கைக்கு வந்து, தாழ்வான வளவு வைத்திருக்கும் அயலவரின் முற்றத்தில் நிற்கிறது. வாகனம் நிற்கும் இடத்துக்கும் நடைபாதைக்கும் மட்டும் கல் பதித்து, எஞ்சியதைத் திறந்த மண்ணாக விடச் சொல்லும் துணிவு இத்தொழில் செய்பவருக்கு இருக்க வேண்டும். கல் கூடப் பதித்தால் கூலி கூடும் என்பது தெரிந்திருந்தும்.

கருவிகளைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. தோளில் மாட்டும் பெற்றோல் புல்வெட்டி ஒன்று, மண்வெட்டி, உழவாரம், அலவாங்கு, கொக்கத்தடி, கத்தி, ஒரு தள்ளுவண்டி ஆகியவற்றோடு தொடங்கலாம். உருளைச் சில்லில் தள்ளிச் செல்லும் புல்வெட்டியை வாங்கிவிடாதீர்கள். மேலெழுந்து நிற்கும் கல் அதன் அலகைத் தின்றுவிடும். பெற்றோலில் ஒயில் கலக்கும் விகிதம் இயந்திரத்துக்கு இயந்திரம் வேறுபடும். சிலவற்றுக்கு 25க்கு ஒன்று, சிலவற்றுக்கு 50க்கு ஒன்று. பக்கத்து வீட்டு அண்ணையின் கணக்கை நம்பாமல் கையேட்டைப் பாருங்கள். இளம் மரத்தின் அடியில் நைலோன் நூலைச் சுழற்றினால் பட்டை வட்டமாக உரிந்து, மரம் பட்டுப்போகும். அடியை உழவாரத்தால்தான் செதுக்க வேண்டும். பார்த்தீனியத்தை இயந்திரத்தால் வெட்டுவதும் வீண்வேலை. பூக்குமுன், மண் ஈரமாயிருக்கும்போது, கையுறை போட்டு வேரோடு பிடுங்க வேண்டும். பூத்தபின் வெட்டினால் விதையை வளவெங்கும் நாங்களே தூவியவர்களாவோம். அதன் தூளால் தோல் அரிப்பும் இழுப்பும் வரும் என்பதால் வாயையும் மூக்கையும் மூடிக்கொள்ள வேண்டும். 2022இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலத்தில் எங்களைக் காப்பாற்றியது உழவாரமும் கத்தியும்தான் என்பதனால், கைவேலை தெரியாதவரை நான் சேர்த்துக்கொள்வதில்லை.

தொழில் நிலைப்பதும் கவிழ்வதும் விலை பேசுவதில்தான். "பரப்புக்கு எவ்வளவு?" என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். பரப்புக் கணக்கில் விலை சொல்லாதீர்கள். கிழமைதோறும் கூட்டிய ஒரு பரப்பும் பத்து ஆண்டு பூட்டிக் கிடந்த ஒரு பரப்பும் ஒரே வேலை அல்ல. முதல் துப்புரவுக்குத் தனி விலையும், அதன்பின் ஆண்டு முழுவதற்குமான பராமரிப்புக்குத் தனி விலையும் சொல்ல வேண்டும். ஆண்டு ஒப்பந்தம் ஏன் அவசியமென்றால், எங்கள் வேலை மழையைப் பின்பற்றி வருகிறது: கார்த்திகையிலிருந்து மாசி வரை ஒவ்வொரு வீட்டாரும் ஒரே கிழமையில் கூப்பிடுவார்கள், ஆனி, ஆடியில் புல் வளராது, தொலைபேசியும் ஒலிக்காது. தடவைக்கு இவ்வளவு என்று பணம் வாங்குபவன் மாரியில் உழைத்ததைக் கோடையில் தின்று தீர்ப்பான். மாரியில் அடிக்கடியும் கோடையில் மாதமொரு முறையும் போவதாக எழுதி, பணத்தைப் பன்னிரண்டு மாதத்துக்கும் சமமாகப் பிரித்து வாங்கினால் இரு தரப்புக்கும் இலகு. கோடை வேலை என்பதும் சும்மா இருப்பதல்ல: மரம் கவ்வாத்துப் பண்ணுவது, கூரைக்கு மேல் சாய்ந்த கிளைகளை மாரிக்கு முன் எடுப்பது, வேலி அடைப்பது, பீலி துப்புரவு, ஐப்பசி நடுகைக்குக் குழி வெட்டி வைப்பது என்று எல்லாம் அப்போதுதான் செய்ய வேண்டியவை.

வாடிக்கை வீடுகளை ஊர் ஊராகச் சேர்ப்பதும் முக்கியம். காலையில் கோப்பாய், மத்தியானம் காரைநகர், பின்னேரம் கொடிகாமம் என்று ஓடினால் பெற்றோல் நிலையத்துக்காகத்தான் உழைக்க வேண்டியிருக்கும். ஓர் ஒழுங்கையில் ஒரு வீட்டைத் துப்புரவாக வைத்திருந்தால் அதே ஒழுங்கையிலிருந்து அடுத்த வீடு தானாக வரும். விளம்பரப் பலகையைவிட அது வேலை செய்கிறது. வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தின் ஊடாகப் பதிந்து, அந்தப் பெயரில் வங்கிக் கணக்கைத் திறந்து, பற்றுச்சீட்டுப் புத்தகம் அச்சடித்து வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் இருப்பவர் அனுப்பும் பணம் அயல்வீட்டுச் சித்தப்பாவின் கையால் வந்தால், எவ்வளவு அனுப்பினார், எவ்வளவு கிடைத்தது என்ற விவகாரத்துக்குள் நீங்கள் இழுக்கப்படுவீர்கள். அதில் வெல்ல வழியே இல்லை. வேலைக்கு முன்னும் பின்னும் ஒரே இடத்தில் நின்று, ஒரே கோணத்தில் எடுத்த படங்களை வட்ஸ்அப்பில் அனுப்பினால் பாதி சந்தேகம் தீரும்.

வேலியைப் பற்றி எச்சரிக்காவிட்டால் இக்கடிதம் யாழ்ப்பாணத்தில் எழுதப்பட்டதாகாது. பங்கு வேலியில் பழைய கிளுவைக் கதியாலைப் பிடுங்கி ஒரு சாண் தள்ளி நட்டவர், தன் பேரப்பிள்ளை காலம் வரை வழக்கு நடத்த வழி செய்து வைக்கிறார். எல்லையில் உள்ள எதையும், பட்டுப்போன கதியாலாக இருந்தாலும், இரு பக்கத்தாரும் நிற்கும்போது, எழுத்தில் வாங்கிக்கொண்டே தொட வேண்டும். பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றைத் தறிப்பதற்கு அனுமதி பெற வேண்டும் என்று 1951ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது. "எங்கள் காணி, எங்கள் பனை" என்று உரிமையாளர் சொல்வது உங்களைக் காப்பாற்றாது. நெடுங்காலம் ஆட்கள் இல்லாமல் கிடந்த வளவுக்குள் இறங்கும்போது கட்டு உடைந்த கிணறு புதருக்குள் மறைந்திருக்கலாம். ஆகவே முதலில் தடியால் தட்டிக்கொண்டு நடந்து பார்க்க வேண்டும். சுருட்டை விரியனும் புடையனும் சருகுக்குள் கிடக்கும். முழங்கால் வரை சப்பாத்து இல்லாமல் யாரையும் இறக்கக்கூடாது. போர் நடந்த பகுதிகளிலும், விடுவிக்கப்பட்ட காணிகளிலும் மண்ணுக்குள் உலோகப் பொருள் ஏதும் தென்பட்டால், தொடாமல், அந்த இடத்திலேயே வேலையை நிறுத்தி, கிராம அலுவலருக்கும் பொலிசாருக்கும் அறிவிக்க வேண்டும். அரைநாள் வேலை போனால் போகட்டும்.

களைநாசினி தெளித்துவிட்டால் ஆறு மாதத்துக்குத் தொல்லை இல்லை என்று சொல்லி வேலை பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். கிளைபோசேற் என்ற களைநாசினி 2015இல் நாடளாவ தடைசெய்யப்பட்டு, 2022இல் தடை நீக்கப்பட்ட பின் இவ்வழக்கம் மீண்டும் தலையெடுத்துள்ளது. சட்டம் அனுமதிக்கிறது என்பது வேறு, கிணற்றிலிருந்து இருபது அடி தள்ளித் தெளிப்பது வேறு. மெல்லிய மண்ணுக்குக் கீழே வெடித்த சுண்ணாம்புக் கல் இருக்கும் ஊரில், மேலே ஊற்றியது கீழே போக அதிக நாள் எடுக்காது. வலிகாமத்துத் தோட்டக் கிணறுகள் பலவற்றில் உரத்தால் நைத்திரேற்று கூடியிருப்பதை ஆராய்ச்சியாளர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். புல்லைப் பச்சையாக்க யூரியா போடுபவர்கள் அந்தக் கணக்கில்தான் மேலும் கூட்டுகிறார்கள். குடிக்கும் கிணறு உள்ள வளவில் நான் களைநாசினி தெளிப்பதில்லை. அதனால் சில வேலைகள் கைநழுவிப் போயிருக்கின்றன.

கூலியைப் பற்றியும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். குழாய் திருத்த வருபவரிடம் பேரம் பேசாதவர்கள், புல் வெட்ட வருபவரிடம் ஐம்பது ரூபாய்க்கு மல்லுக்கட்டுகிறார்கள். இது இந்த வேலையைச் சிலருக்கு மட்டுமே உரியதென்று ஒதுக்கி வைத்த பழைய மனப்போக்கின் மிச்சம். அதே காரணத்தால்தான், உயர்தரம் படித்த பையன் ஒருவன் இதில் இறங்கினால் வீட்டார் வெட்கப்படுகிறார்கள். ஆனால் அவனே கனடாவுக்குப் போய் அங்குள்ள கொம்பனிக்காகப் புல் வெட்டினால் பெருமைப்படுகிறார்கள். வேலைக்கு ஆள் வைப்பவர்களும் தங்கள் கடமையைச் செய்ய வேண்டும்: ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளியின் பங்கு நூற்றுக்கு 12, தொழிலாளியின் பங்கு 8, ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி மட்டும் 3 என்பதை முதல் நாளிலிருந்தே விலைக்குள் சேர்த்துக் கணக்கிட வேண்டும். சிறு தொழில்தானே என்று விட்டுவிட்டால், கண்ணில் கல் தெறித்த நாளில் அந்தத் தொழிலாளியின் குடும்பத்துக்கு முன்னால் நிற்க முகம் இருக்காது.

இறுதியாக, உள்ளூராட்சி மன்றங்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு வளவைத் துப்புரவு செய்தால் லான்ட்மாஸ்டர் என்ற இருசில்லு உழவு இயந்திரத்தின் பெட்டி நிறையச் சருகும் கொப்பும் காவோலையும் சேர்கிறது. கொண்டுபோய்ப் போட இடம் இல்லாததால் அவை பெரும்பாலும் வளவுக்குள்ளேயே எரிக்கப்படுகின்றன. பின்னேரங்களில் ஊரெங்கும் எழும் புகை அதுதான். பொலித்தீன் கலக்காத பச்சைக் கழிவுக்கென ஒவ்வொரு பிரதேச சபையும் ஓர் இடத்தை ஒதுக்கி, கொப்புகளைத் துண்டாக்கும் இயந்திரம் ஒன்றைப் பொதுவாக வைத்து, அங்கே கூட்டெரு தயாரித்துத் தோட்டக்காரருக்கு விற்றால், செம்மண் தோட்டங்களுக்குச் சேதன உரமும் கிடைக்கும், புகையும் குறையும். ஆடு வளர்ப்போர் வந்து கிளுவைக் குழையையும் வெட்டிய பசும்புல்லையும் எடுத்துச் செல்லவும் அங்கேயே ஒரு மூலை விடலாம். வருகிற மாரிக்கு முன் நல்லூர், வலிகாமம் கிழக்கு, வலிகாமம் தெற்கு ஆகிய சபைகளில் ஒன்றாவது இதைத் தொடங்க முன்வருமானால், எங்களைப் போன்று இத்தொழில் செய்பவர்கள் எங்கள் செலவிலேயே கழிவைப் பிரித்துக் கொண்டுவந்து இறக்குவதற்கு ஆயத்தமாக இருக்கிறோம்.

இங்ஙனம்,
வளவு பராமரிப்புத் தொழில் செய்யும் வாசகர் ஒருவர்,
உரும்பிராய்.